வெட்டியும் போகாத இருட்டு

“கடை இருட்டா இருக்கு அண்ணி” என்று என் நாத்தனார் முதல்முறை சொன்னபோது பகல் பதினொரு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கடைக்குள் இரண்டு டியூப் லைட்டும் எரிந்தன. நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பல்லியின் வால்நுனிகூட எனக்குத் தெரிந்தது.

“எங்கடி இருட்டு?”

“எல்லாம் இந்தச் செடியால. ஜன்னலையே முழுங்கிட்டு நிக்குது பாருங்க.”

செடி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது உண்மைதான். அதனால் நானும் தலையை ஆட்டிவிட்டு, கையிலிருந்த காகித உறைக்குப் பசை தடவப் போய்விட்டேன். அன்றைக்கே எழுந்துபோய் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது; அதை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

அவள் என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், “ஒரே ஒருத்தருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறதுக்கா இவ்வளவு படிச்சேன்? தெருவுக்கே குடுக்குறேன், போங்க” என்று பதில் வைத்திருந்தாள். படிப்பு முடிந்த கையோடு இந்த மருந்துக் கடையில் சேர்ந்தவள், முப்பத்தொரு வருடம் அதே இடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றாள். பழைய முதலாளி கண்ணை மூடி, அவர் மகன் முதலாளியானான். மாத்திரையம்மா மட்டும் மாறவில்லை. ஆமாம், தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். யாருக்கு மூலம், யாருக்குத் தூக்கம் வராது, யார் யாருக்குத் தெரியாமல் எந்த மருந்தைச் சாப்பிடுகிறார்கள், எல்லாம் அவள் வயிற்றுக்குள் இருந்தன. ஒன்றுகூட வெளியே வராது. ஆனால் வாய் சும்மா இருக்காது.

“மூணு நாளா தொண்டை கட்டியிருக்கா? மாமியாரோட சண்டையை ஒரு வாரம் தள்ளிப் போடு, மாத்திரையே வேணாம்” என்பாள். வந்தவள் சிரித்துக்கொண்டே மாத்திரை வாங்கிப் போவாள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காலையில் அவளோடு கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து மருந்து போடும் உறைகளை ஒட்டுவது என் வேலை. எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ஆனால் கண்ணும் கையும் எனக்கு நன்றாக வேலை செய்யும்.

அந்தச் செடியை ஜேட் செடி என்பார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர், டீ குடிக்கிற டம்ளர் அளவுத் தொட்டியில் நாலே நாலு இலையோடு கொண்டுவந்து கொடுத்தது. பத்தொன்பது வருடத்தில் அடிமரம் என் மணிக்கட்டுக்குமேல் தடித்துவிட்டது. தண்ணீரை உள்ளே அடக்கிவைத்த கொழுத்த இலைகள். அவள் அதில் ஒரு பிளேடுகூட வைக்க விட்டதில்லை. வெளிச்சத்தைத் தேடித் தேடிக் கிளைகள் நீண்டன. கீழே எல்லாம் மொட்டை; நுனியில் மட்டும் கொத்து. ஜன்னல் கண்ணாடியை முட்டி, இடமில்லாமல் திரும்பி, பக்கத்தில் இருந்த மருந்து அலமாரியின் முதுகுக்குப் பின்னாலும் புகுந்துவிட்டது. தன் கனத்தைத் தானே தாங்காமல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. எப்போதாவது ஒரு கிளை தானாக முறிந்து தரையில் ‘தொப்’ என்று விழும். சத்தம் கேட்டு அவள் திரும்புவாள். திரும்பிய பிறகும் கிளை எங்கே கிடக்கிறது என்று அவள் கண்ணுக்குப் படாது. நான்தான் எடுத்துப் போடுவேன்.

அந்த அலமாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தால் செய்தது. சின்னச் சின்ன இழுப்பறைகள், மேலிருந்து கீழாக ஆறு ஆறு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மருந்தின் பெயரை எழுதி ஒட்டியிருக்கும். அடிக்கடி கேட்கிற மாத்திரைகளெல்லாம் அதில்தான். பேச்சு அதுபாட்டுக்கு வந்தவர்களோடு நடக்கும், அவள் கை அதுபாட்டுக்கு இழுப்பறைக்குப் போகும். முப்பது வருடப் பழக்கம் என்று எல்லோரும் மெச்சுவோம்.

பிறகு மருத்துவர் சீட்டு. கொஞ்ச நாளாக அவள் எந்தச் சீட்டையும் தானாகப் படிப்பதில்லை. “நீங்களே வாசிங்க. உங்க டாக்டர் எழுதினதைப் படிக்க அவரோட சம்சாரத்தாலேயே முடியாது” என்று சீட்டைத் திருப்பித் தள்ளுவாள். கடையே சிரிக்கும். நானும் சிரித்தேன்.

சிரிப்பு எனக்கு எப்போது நின்றது என்றால், என் சர்க்கரை மாத்திரை மாறியபோது. எனக்குப் பெயர் படிக்கத் தெரியாது, ஆளைத் தெரியும். பச்சைத் தகடு, உள்ளே நீளவாக்கில் வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. ஒருநாள் சாயங்காலம் அவள் கொடுத்த உறைக்குள் வெள்ளித் தகடு இருந்தது, மாத்திரை உருண்டை.

“இது என்னுது இல்லையே?”

வாங்கிக் கட்டைவிரலால் தடவினாள். “கம்பெனிக்காரன் அட்டையை மாத்திட்டான் போலிருக்கு.”

நான் அதைச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை தட்டுப் பக்கத்தில் பழைய பச்சைத் தகடு இருந்தது. வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள் அதைப் பற்றிப் பேசாததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இது நானாக இருந்ததால் தெரிந்தது. வேறு யாருடைய உறையிலாவது மாறியிருந்தால்?

நேராகக் கேட்டுவிட்டேன். “உனக்குக் கண்ணு தெரியுதாடி?”

“செடியை வெட்டினா எல்லாம் தெரியும்.”

“சரி, வெட்டு. வெட்டின பிறகும் இருட்டு இருட்டுன்னு சொன்னே, கோட்டைக் கழட்டி மாட்டிட்டு கண் டாக்டர்கிட்ட வரணும். தெருவே பார்த்தாலும் பரவாயில்லைன்னு இழுத்துட்டுப் போவேன்.”

“வர்றேன்.”

“என் தலையில அடிச்சுச் சொல்லு.”

“அடிச்சா உங்களுக்குத் தலைவலி வரும், அதுக்கும் நான்தான் மாத்திரை குடுக்கணும்” என்றாள். சிரிக்க முயற்சி செய்தாள். வரவில்லை.

கடைக்கு விடுமுறை வருகிற நாளாகப் பார்த்துச் செடிக்காரரை வரச் சொன்னோம். மூன்று சக்கர வண்டியில் தொட்டி விற்கிறவர், நல்ல பேச்சுக்காரர். செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, “என்னம்மா இது, செடியா வளர்த்தீங்களா, சம்பந்தி மாதிரி உட்கார வெச்சு சோறு போட்டீங்களா?” என்றார். கிளை அலமாரிக்குப் பின்னால் போயிருந்ததால் அலமாரியை நகர்த்தித்தான் ஆகவேண்டும். மருந்தோடு நகர்த்தினால் கனம். ஜன்னல் பக்கத்து இரண்டு வரிசை இழுப்பறைகளையும் உருவி, வரிசைக்கு ஓர் அடுக்காகத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம்.

செடிக்காரர் கத்தியை எடுத்தார். அவள் கையை நீட்டினாள்.

“நான் வெட்டுறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க.”

“தண்டுல மோதிரம் போட்ட மாதிரி கோடு கோடா இருக்கு பாருங்க, பழைய இலை விழுந்த இடம். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரே வெட்டு. அங்கேருந்து ரெண்டு துளிர் ரெண்டு பக்கமும் வரும். ஒண்ணு போய் ரெண்டு. அப்படித்தான் செடி புதர் கட்டும். ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல கை வைக்காதீங்க, தாங்காது.”

அவள் கத்தியை வாங்கி ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். இடது கட்டைவிரலைத் தண்டில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். கோட்டில் விரல் நின்றது. அதற்குமேல் அரை விரல்கடை விட்டு வெட்டினாள். சுத்தமான வெட்டு. அடுத்த கிளை, அடுத்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

செடிக்காரர் அசந்துபோனார். “பாருங்க பாட்டி, அம்மா செடியைப் பார்க்கவே இல்லை. கையாலேயே பார்க்குறாங்க. கைராசின்னா இதுதான்!”

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அப்போதுதான் நான் கவனித்தேன். அவள் முகம் செடிப்பக்கம்கூட இல்லை, காது கொடுத்துக் கேட்கிறவள் மாதிரி கொஞ்சம் தள்ளித் திரும்பியிருந்தது.

கிளைகள் விழ விழ ஜன்னல் திறந்துகொண்டே வந்தது. பல வருடமாக வராத வெயில் கடைத் தரையில் பாய் விரித்தது. கண்ணாடி ஜாடிகள் மினுங்கின. மூலையில் இருந்த தூசி தெரிந்தது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டேன்.

“போதும்மா” என்றார் செடிக்காரர். “இப்போ தரையில ஊசி விழுந்தாக்கூட எடுத்துடலாம்.”

அவள் ஜன்னலுக்கு நேராக நின்றாள். வெயில் முகம் முழுக்க அடித்தது. கண் கூசவில்லை. இமைகூட அடிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் வெட்டலாமா? இருட்டு போகலையே.”

செடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கத்தியை அவளிடமிருந்து வாங்கி மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இதுக்கு மேல செடியில ஒண்ணும் இல்லைம்மா” என்று மெதுவாகச் சொன்னார். “பத்து நாளைக்குத் தண்ணி காட்டாதீங்க. வெட்டுவாய் காயணும், இல்லைன்னா அழுகிடும்.” விறுவிறுவென்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் வெட்டிய கிளைகளைப் பொறுக்கிக்கொண்டு, நிழலில் காயவைக்கப் பின்பக்கம் போனாள். போகும்போது வாசல்படியைக் காலால் துழாவினாள். வழக்கமாக மறைத்துச் செய்வதை இன்று மறைக்கவில்லை. தெரிந்துபோயிற்று என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

நான் தனியாக இழுப்பறைகளைத் திரும்பச் செருகினேன். மனசு அங்கே இல்லை. மேல் இழுப்பறையை முதலில் உருவியதால் அது அடுக்கின் அடியில் கிடந்தது. நான் அடுக்கின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அலமாரியின் மேலிருந்தே செருகிக்கொண்டு வந்தேன். இரண்டு வரிசையும் தலைகீழாகப் போயின. எழுத்து தெரிந்த குழந்தைகூட நெற்றியைப் பார்த்து நிறுத்தியிருக்கும். எனக்கு எல்லா நெற்றியும் ஒன்றுபோலத்தான்.

வீட்டுக்கு வந்ததும், “இப்போவே கிளம்பு” என்றேன்.

“இன்னைக்கு லீவு நாள், எந்த டாக்டர் இருப்பார்? நாளைக்குக் காலையில முதலாளித் தம்பி சரக்கு எடுக்கப் போறான், கடையில ஆள் இல்லை. மத்தியானம் அவன் வந்ததும் கோட்டைக் கழட்டிடுறேன். அரை நாள் அண்ணி. முப்பத்தொரு வருஷத்துக்கு அரை நாள் தரமாட்டீங்களா?”

கொடுத்தேன். பிடிவாதக்காரி என்று என்னைச் சொல்வார்கள். பிடிக்கவேண்டிய இடத்தில் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கடை பளிச்சென்று இருந்தது. வருகிறவர்களெல்லாம், “அட, கடைக்கு வெள்ளையடிச்சீங்களா?” என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் வாய் நிறையப் பதில் சொன்னாள், விடைபெற்றுக்கொள்கிறவள் மாதிரி. முதலில் வந்தவர்கள் கேட்டது தைலம், பஞ்சு, சோப்பு. அதெல்லாம் வேறு அலமாரி. நான் ஒவ்வொரு கைக்கும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணி வாக்கில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். தெரிந்த முகமில்லை. தலைவலிக்கு மாத்திரை கேட்டார்.

“பிரயாணமா?” என்றாள், கையை அலமாரிக்கு நீட்டியபடி.

“ஆமாம்மா, ரொம்ப தூரம். ஒரு அட்டையாவே குடுத்துடுங்க, வழியில கடை இருக்குமோ என்னமோ.”

மேலிருந்து இரண்டாவது இழுப்பறை. ஓர் அட்டை. நான் ஒட்டிய உறை. அவர் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து என் பசைக் கிண்ணத்தில் ஈ விழுந்து, நான் குனிந்திருந்தேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு நான்கு வயதிருக்கும். கன்னம் காய்ச்சலில் சிவந்திருந்தது. “காய்ச்சல் மாத்திரைக்கா. பாதி பாதியா குடுக்கச் சொல்லியிருக்காங்க” என்றாள்.

மூன்றாவது இழுப்பறை. அவள் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. பச்சைத் தகடு.

நான் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. “குடுக்காதே! அது என் மாத்திரை!” என்று கத்தி அதைப் பிடுங்கினேன். அந்தப் பெண் பயந்து குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“என்ன பாட்டி? என்ன ஆச்சு?”

“இது சர்க்கரை மாத்திரைம்மா. குழந்தை வாயில போட்டா என்ன ஆகும்னு இவளைக் கேளு.”

என் நாத்தனார் ஒரு கையை அலமாரியில் வைத்து ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, உள்ளே இருந்த அட்டைகளைத் தடவிக்கொண்டே கீழே இறங்கினாள். நின்றாள்.

“அண்ணி, இந்த ரெண்டு வரிசையையும் யார் அடுக்கினது?”

“நான்தான்.”

“மேலேருந்தா?”

“மேலேருந்துதான்.”

அவள் உதடு அசைந்தது. எண்ணினாள். “அப்போ ரெண்டாவதுல இருக்கிறது அஞ்சாவதோடது. ரத்தக் கொதிப்பை இறக்குற மாத்திரை. அந்தப் பிரயாணக்காரர்...” அடுத்த நொடி தெருவில் நின்றாள். “சார்! பெட்டிக்காரரே! சார்!” என்று எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினாள். அவர் அதற்கு மாறாக, பஸ் நிற்கும் பக்கம் போனதை நான் ஈயை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது பார்த்திருந்தேன். ஓடினேன், இந்த வயதில். மூன்று பஸ் போய்விட்டதாக அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். பெட்டியோடு ஏறியவர் எதில் ஏறினார் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

குழந்தைக்குச் சரியான மாத்திரையைத் தேடி எடுத்து, அந்தப் பெண்ணையே இரண்டுமுறை பெயர் வாசிக்கச் சொல்லி அனுப்பினோம். மத்தியானம் முதலாளித் தம்பி வந்ததும், கோட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் குறுக்கே போய், “அடுக்கினது நான்” என்றேன்.

“அடுக்கினது நீங்க, சரி. எடுத்துக் குடுத்தது யாரு?” என்று என்னை அடக்கிவிட்டாள்.

தம்பிக்கு வியர்த்துவிட்டது. “அக்கா, இதை வெளியில விடவேணாம். ஒரு மாத்திரையில என்ன ஆயிடப்போகுது?”

“அட்டையில பத்து இருக்கு தம்பி. தலைவலி போகலைன்னா இன்னொண்ணு போடுவார். மயக்கம் வந்தா பிரயாணக் களைப்புன்னு நினைப்பார்.”

“கடைப் பேரு என்ன ஆகும்?”

“கதவுல எழுதி ஒட்டுறியா, இல்லை நான் தெருவுல நின்னு கத்தட்டுமா?”

எழுதினான். இன்ன நாள் காலையில் தலைவலி மாத்திரை வாங்கியவர் அதைச் சாப்பிட வேண்டாம், உடனே கடைக்குத் தகவல் சொல்லவும் என்று. பெரிய எழுத்தில் எழுதியதாகச் சொன்னான். பஸ் நிற்கும் இடத்திலும் ஒன்று ஒட்டினான்.

சாயங்காலம் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பு பட்டுவிட்டதாம். ஓரப் பார்வை எப்போதோ போய்விட்டது. நடுவில் ஒரு சாவித்துவாரம் அளவுதான் மிச்சம், அதுவும் மங்கல். போனது வராது. மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்தார். நீல மூடி காலையில், வெள்ளை மூடி சாயங்காலம். நான்தான் விடுகிறேன்.

செடி நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு துளிர். சாய்வு குறைந்து, குட்டையாக, புதராக நிற்கிறது. கடைக்கு வருகிறவர்கள் கிளை கேட்கிறார்கள். அவள் அதன் பக்கம் போவதேயில்லை. நான் உறை ஒட்டுகிற பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வாசலுக்கு வரும் ஒவ்வொரு குரலையும் உற்றுக் கேட்கிறாள். இரண்டு வார்த்தை பேசியவரின் குரலை ஆயிரத்தில் கண்டுபிடித்துவிடுவாளாம்.

கதவிலிருக்கும் தாளை அவளால் பார்க்க முடியாது. என்னால் படிக்க முடியாது. அதனால் காலையில் கடைக்குள் நுழையும் முன், தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி, “எழுத்து அழியாம இருக்கா, கொஞ்சம் வாசிங்க” என்று கேட்டுக்கொள்கிறாள். அவர்கள் வாசிக்கும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு நாளும் அது சில்லிட்டுத்தான் இருக்கும்.

போன வாரம் முதலாளித் தம்பி தயங்கித் தயங்கி வந்து நின்றான். “அக்கா, எட்டு மாசம் ஆச்சு. தாள் பழுத்துப்போச்சு. எடுத்துடட்டுமா?”

“எடுக்காதே” என்றாள். “புதுத் தாள்ல எழுதி ஒட்டு. வாங்கிட்டுப் போனவர் வந்து கிழிக்கட்டும்.”